ஆடி மாதத்தில் அம்மாவுக்குக் குளிர்ந்தது

2013 ஆம் ஆண்டு ஆடி மாதம். சோளகக் காற்று புழுதியை அள்ளி வந்து வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. கிணற்றில் நீர் இறங்கிவிட்டதால் வாளிக் கயிற்றை ஒரு பாகம் கூட்டிக் கட்டியிருந்தோம். நண்பகலில் தகரக் கூரையின் கீழ் யாராலும் இருக்க முடியாது. எல்லோரும் வேப்பமரத்தடியில் பாய் போட்டுப் படுத்திருக்க, அம்மா மட்டும் விறாந்தை மூலையில் கம்பளிப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு இருந்தார். "குளிர்கிறது பிள்ளை" என்றார்.

காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்தேன். கை சில்லிட்டிருந்தது. தோல் காய்ந்த பனையோலை போலச் சொரசொரத்தது. கண் இமைகள் அழுது ஓய்ந்தவை போல வீங்கியிருந்தன. அம்மா அன்று அழவில்லை. அதற்கு முன் பல மாதங்களாகவே அவர் அழுது நான் பார்க்கவில்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும் என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். தம்பியை 2009 இல் இழந்தோம். மீள்குடியேறி வந்து, கிளிநொச்சிக்குத் தெற்கே எங்கள் பழைய காணியில் பற்றை வெட்டி, கொட்டில் போட்டு, பிறகு வீட்டுத்திட்டத்தில் இந்த வீட்டைக் கட்டும்வரை அம்மா ஓடியாடி வேலை செய்தார். வீடு குடிபுகுந்த பிறகுதான் மெல்ல மெல்ல ஓய்ந்தார். முதலில் கோயிலுக்குப் போவதை விட்டார். பிறகு சிவலைப் பசுவைக் கறப்பதை விட்டார். கேட்ட கேள்விக்கு மறுமொழி வர நேரமானது. வாய்க்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குரல் தடித்தது. சாப்பாடு குறைந்தது; உடம்போ பருத்தது. "பிள்ளையைப் பறிகொடுத்தவள், வேறு எப்படி இருப்பாள்?" என்றார் பக்கத்து வீட்டு மாமி. மருந்தெடுக்கப் போன இடத்தில், 2009 இல் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, தலையசைத்து, சத்துக்குளிசையும் நித்திரைக் குளிசையும் எழுதித் தந்தார்கள். நானும் தலையசைத்துக்கொண்டு அவற்றை வாங்கி வந்தேன்.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். அம்மா போர்வைக்குள் நடுங்கிய அந்தத் தவணையில்தான், கரும்பலகையில் மனித உடலை வரைந்து, மூளையின் அடியில் கபச்சுரப்பியையும் கழுத்தில் தைரொயிட் சுரப்பியையும் குறித்து, அம்புக்குறி போட்டுக் காட்டினேன். மாணவர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு இன்னொரு போர்வையை எடுத்துக் கொடுத்தேன்.

நோயைக் கண்டுபிடித்தவர் வேறொரு டொக்டர். அவர் எதையும் கேட்பதற்கு முன் அம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டார். அம்மா மறுமொழி சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். புருவத்தின் வெளிப்புறம் மயிர் உதிர்ந்திருந்ததை எனக்குக் காட்டினார். பிறகு அம்மாவைக் கதிரையில் முழந்தாளிட வைத்து, குதிக்காலுக்கு மேலுள்ள நாணில் சிறிய இறப்பர்ச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. துள்ளிய பாதம் உடனே திரும்பவில்லை. நீருக்குள் அசைவதுபோல மிக மெதுவாகத் திரும்பி வந்தது. "பார்த்தீர்களா ரீச்சர்?" என்றார். பார்த்தேன். இரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். தைரொயிட்டைச் சோதிக்கப் பார்க்கும் ரீ.எஸ்.எச். (TSH) அளவு கூடினால் 4 அளவில் இருக்க வேண்டியது. அம்மாவுக்கு 80 ஐத் தாண்டியிருந்தது.

மாமி அதைக் கேட்டதும், "அப்போது தைரொயிட் கூடிவிட்டதா?" என்றார். அந்த எண்ணைப் பார்க்கும் எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன்.

ரீ.எஸ்.எச். தைரொயிட் சுரப்பியில் ஊறுவதல்ல. மூளையின் அடியில் எலும்புக் குழிக்குள் கடலை மணியளவில் இருக்கும் கபச்சுரப்பி அனுப்புவது. கழுத்திலுள்ள சுரப்பியைப் பார்த்து "சுர" என்று கூப்பிடும் குரல் அது. அந்தச் சுரப்பி தைரொக்சினைச் சுரந்து இரத்தத்தில் விட்டதும், அது போதுமான அளவில் மூளைக்கு எட்டியதும், கூப்பிடும் குரல் தணிந்துவிடும். சுரப்பி சுரக்காவிட்டால்? பொழுதுபடும் நேரத்தில் தாய் படலையடியில் நின்று பிள்ளையைக் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். பிள்ளை "வருகிறேன்" என்றால் ஒரு தரத்தோடு நிறுத்திவிடுவாள். மறுமொழி வராவிட்டால் குரல் ஏறும், இன்னும் ஏறும், பக்கத்து வளவெல்லாம் கேட்கும். அம்மாவின் கபச்சுரப்பி அப்படித்தான் மாதக்கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது. 80 என்பது அந்தக் கத்தலின் அளவு. கழுத்திலிருந்து மறுமொழி வரவேயில்லை. உடலின் காவற்படையே அந்தச் சுரப்பியை அந்நியமென்று எண்ணி அரித்துவிட்டிருந்தது. ஹக்காரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912 இல் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம் வருகிறது.

கபச்சுரப்பியும் தானாகக் கூப்பிடுவதில்லை. அதற்கு மேலே மூளையில் பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) என்ற பகுதி இருக்கிறது. அது கபச்சுரப்பிக்குச் சொல்லி அனுப்புகிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்ட, கடைசியில் சுரந்தது மேலே போய் முதலிரண்டையும் அடக்குகிறது. பாடப்புத்தகம் இதை எதிர்ப் பின்னூட்டல் என்று சொல்லும். பரீட்சைக்கு அந்தச் சொல் போதும்.

நரம்பில்லாமல் உடலின் ஓரிடம் இன்னோரிடத்தோடு பேசும் என்பதை ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது 1902 இல். எங்கள் இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை கனகராயன் ஆற்றில் தொடங்கியதும் அதே ஆண்டுதான். வகுப்பில் இந்த ஆண்டைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்வேன், பிள்ளைகளுக்கு மறக்காது. அந்த ஆண்டு ஜனவரியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் மயக்கத்திலிருந்த ஒரு நாயின் சிறுகுடற் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தை விட்டார்கள். நரம்பு அறுந்த பின்னும் சதையி (கணையம்) சுரந்தது. அப்படியானால் செய்தி இரத்தத்தின் வழியே போயிருக்க வேண்டும். குடலின் உட்தோலைச் சுரண்டி, அமிலம் விட்டு மணலோடு அரைத்து, வடித்து, நாயின் நாளத்தில் ஏற்றினார்கள். சற்று நேரத்தில் சதையி மீண்டும் சுரந்தது. அந்தப் பொருளுக்குச் செக்ரிற்றின் என்று பெயரிட்டார்கள். இத்தகைய தூதுப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக, கிரேக்கத்தில் "தூண்டுகிறேன்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து 1905 இல் ஸ்டார்லிங் எடுத்ததுதான் ஓமோன். தமிழகத்தில் ஹார்மோன் என்று எழுதுகிறார்கள். எனக்கு இரண்டையும்விடச் "சுரப்பு" என்ற நம் சொல்லே பிடிக்கும். நிலத்தில் ஊற்று சுரக்கும், மடியில் பால் சுரக்கும், உடலுக்குள் சுரப்பியும் சுரக்கும். ஒரே வினை.

இரத்தத்தில் கலந்த ஓமோன் உடலெங்கும் போகிறது. பிறகு எப்படி அதற்கு உரிய இடத்தில் மட்டும் வேலை நடக்கிறது? இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்கும்போது போரில் இடம்பெயர்ந்த எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம் எனக்கு நினைவுக்கு வரும். 2009 இல் அங்கே கூடாரங்களுக்கு மேலாக ஒலிபெருக்கி நாள் முழுவதும் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இன்னாரைப் பார்க்க உறவினர் வந்திருக்கிறார், இன்னார் வரவும். ஆயிரக்கணக்கானோரின் காதில் அந்தக் குரல் விழும். வரிசையில் நிற்பவர், அடுப்பூதுபவர், படுத்திருப்பவர் எல்லோருக்கும் கேட்கும். பெயருக்கு உரியவர் மட்டும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுவார். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். உடலின் கலங்களும் (செல்களும்) அப்படித்தான். ஒவ்வொரு கலத்திலும் தனக்குரிய ஓமோனை மட்டும் பிடிக்கும் சில வாங்கிகள் இருக்கின்றன. இன்சுலினுக்குரிய வாங்கி கலத்தின் மேற்பரப்பிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். தைரொக்சின் கலத்தினுள்ளே போய், தன் நான்கு அயடீன் அணுக்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, கருவுக்குள் நுழைந்து பரம்பரையலகுகளை (ஜீன்களை) எழுப்பும். தைரொக்சினின் பெயரைக் கேட்டால் எழும்பாத கலம் உடலில் அநேகமாக இல்லை. அதனால்தான் அது குறைந்தபோது அம்மாவின் தோல், குரல், குடல், ஞாபகம், இதயத் துடிப்பு எல்லாம் ஒன்றாகத் தளர்ந்தன.

அம்மா அந்த முகாமில் ஒலிபெருக்கியின் பக்கம் முகத்தைத் திருப்பியே இருந்தார். எங்கள் பெயர் ஒரு தரம் கூப்பிடப்பட்டது. போய்ப் பார்த்தால், வவுனியாவிலிருந்து சித்தப்பா சவர்க்காரமும் பிஸ்கற்றும் கொண்டு வந்திருந்தார்.

சிவலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ஓய்ந்த பிறகு கறவை என் தலையில் விழுந்தது. நாட்டுப் பசு, நல்ல நாளிலேயே இரண்டு போத்தலுக்கு மேல் தராது. மடி விம்மிக் கிடக்கும், நான் கை வைத்தால் காம்பில் நூல்போல ஒழுகி நின்றுவிடும். பசு பாலை ஒளிக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு நாள் பார்த்துவிட்டு அம்மா விறாந்தையில் இருந்தபடி அந்தத் தடித்த குரலில், "கன்றை விடு. முதலில் ஊட்டட்டும். அவசரப்படாதே" என்றார். கன்று முட்டி முட்டி ஊட்டிய சற்று நேரத்தில் காம்புகள் நிமிர்ந்தன. அப்போது கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்தேன். வந்தது.

உள்ளே நடப்பது இதுதான். கன்றின் வாய் காம்பில் பட்டதும் செய்தி நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. கபச்சுரப்பியின் பின்பகுதி ஒட்சிரோசின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகிறது. அது மடிவரை ஓடிவந்து, பால் தேங்கியிருக்கும் சிறு பைகளைச் சுற்றியுள்ள தசைக் கலங்களைச் சுருக்குகிறது. பால் கீழே இறங்குகிறது. இதற்குப் பிடிக்கும் ஒரு நிமிடம் அளவிலான நேரம்தான் அம்மா என்னைப் பொறுக்கச் சொன்ன நேரம். இறங்கிய பின்னும் கன நேரம் இருக்காது. சில நிமிடங்களில் ஒட்சிரோசின் கரைந்துவிடும், அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். பழக்கமில்லாத கை பட்டால் ஒட்சிரோசின் சரியாக வெளிவராது. நாய் குரைத்து மாடு வெருண்டாலோ அதிரினலின் பாய்ந்து ஒட்சிரோசினின் வேலையையே மறித்துவிடும். பசு பாலை ஒளிப்பதில்லை. அதற்கு நான் அந்நியம், அவ்வளவுதான். பழகிய மாடு கறப்பவளின் குரலையும் வாளிச் சத்தத்தையும் கேட்டே சுரப்பு விடும். அம்மா வாளியோடு கொட்டிலுக்குள் நுழைந்தாலே சிவலையின் காம்பில் பால் சொட்டியதை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு சுரப்புக்கும் ஒரு வேகம் உண்டு. வயலில் புடையன் பாம்பைக் கண்டதும் கால் தானாகப் பின்வாங்கி நெஞ்சு அடித்துக்கொள்வது அதிரினலின். நொடிகளில் வந்து நிமிடங்களில் போய்விடும். இன்சுலினின் ஆயுளும் இரத்தத்தில் நிமிடக்கணக்குத்தான். தைரொக்சினோ பாதியாகக் குறைவதற்கே ஒரு கிழமை எடுக்கும். குளம் வற்றுவது கண்ணுக்குத் தெரியாது. கொடுங்கோடையிலும் ஒரே நாளில் தெரியாது. அம்மா ஒரு நாளில் மாறியிருந்தால் நாங்கள் பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். அவர் இரண்டு ஆண்டுகளாக மாறினார்.

இன்சுலினைப் பற்றி ஒரு நினைவு. மின்சாரமில்லாத வன்னியில் எங்கள் பெரியப்பா சீனி வருத்தக்காரர். இன்சுலின் போத்தலைப் பொலித்தீனில் சுற்றி, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் புதைத்து, வாயை நனைத்த துணியால் கட்டி வைப்பார். பானையின் மேனி வியர்த்துக் குளிர்ந்திருக்கும். மருந்து வருவது தடைப்பட்ட மாதங்களில் பெரியம்மா பானையைத் திறந்து போத்தலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று பார்ப்பார். 1922 ஜனவரி 11 இல், எங்கள் ஊரில் வீட்டுக்கொருவர் போய் இருக்கும் அதே ரொறன்ரோவில்தான், லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன் அந்த நோய் வந்த பிள்ளைகள் பட்டினி வைத்தியத்தில் எலும்பாகி இறந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் பெரியம்மா போத்தலை வெளிச்சத்தில் பிடித்து நின்றது கண்முன் வருகிறது.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அம்மாவுக்குத் துக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. துக்கமும் சுரப்புகளின் வழியாகவே உடலுக்குள் இறங்குகிறது. அதிரினல் சுரப்பியிலிருந்து வரும் கோட்டிசோல் என்ற ஓமோன் விடியலில் உச்சத்துக்கு ஏறி நம்மை எழுப்பி, நள்ளிரவில் அடங்க வேண்டியது. பங்கருக்குள் இரவுகளைக் கழித்த உடல்களுக்கு அந்த ஒழுங்கு எத்தனை முறை குலைந்திருக்கும்! இன்றும் கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் எங்கள் தலைமுறையில் பலருடைய உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. போர் எங்கள் உடல்களில் இருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பெரிய காரணம் கண்முன் நின்றதால் வேறெந்தக் காரணத்தையும் நாங்கள் தேடவில்லை. அம்மாவின் கழுத்தில் ஒரு சுரப்பி அழிந்துகொண்டிருந்தது. அதை அவருடைய மகனின் கணக்கில் எழுதிவிட்டோம். களைப்பு, மறதி, நித்திரை, மௌனம், உடல் பருத்தல், எதிலும் நாட்டமின்மை: துக்கத்துக்கும் தைரொக்சின் குறைவுக்கும் அடையாளங்கள் இவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன. இரண்டையும் பிரித்தறிய ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். இழப்பில்லாத வீடே இல்லாத எங்கள் ஊர்களில் எத்தனை தாய்மார் இப்படித் துக்கத்தின் பெயரில் போர்வைக்குள் இருக்கிறார்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. இன்னும் சில வீடுகளில் அதற்குத் துக்கம் என்ற மரியாதைகூட இல்லை; சோம்பேறி என்று மருமகளைச் சொல்கிறார்கள், செய்வினை என்று நூல் கட்டுகிறார்கள். நான் என் சகோதரிகளிடம் கேட்பது ஒன்றுதான்: கிளினிக்குக்குப் போகும்போது, உடல் குளிர்கிறது, குரல் மாறிவிட்டது, மலம் கழிய நாலு நாளாகிறது என்பதையெல்லாம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். தைரொயிட்டையும் ஒருதரம் பார்க்க முடியுமா டொக்டர் என்று கேளுங்கள்.

அயடீன் உப்பை அதிகம் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் அம்மாவுக்குச் சொன்னார்கள். கழுத்து வீங்கும் கழலை நோயைக் குறைப்பதற்காக இலங்கையில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக இருக்கிறது. நல்ல ஏற்பாடு, உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்தால் போதும். அயடீன் குறைந்த உடலில் மரவள்ளியை மட்டுமே நம்பி வாழ்ந்தால் கழலை வரக்கூடும் என்பதும் உண்மைதான். ஆனால் சுரப்பியே அழிந்த பிறகு மூலப்பொருளைக் கொட்டிப் பயனில்லை. அந்தச் சுரப்பி செய்ததை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

கொடுத்தோம். வயதையும் இதயத்தையும் எண்ணி டொக்டர் தைரொக்சின் குளிசையை நாளுக்கு 25 மைக்குரோகிராமில் தொடங்கினார். ஆறு எட்டுக் கிழமைக்கு ஒருதரம் இரத்தம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக 100 வரை கூட்டினார். இந்த அளவில், ஒரேயொரு கிராம் தைரொக்சின் 10,000 நாள்களுக்கு, அதாவது 27 ஆண்டுகளுக்கு மேல் வரும் என்று ஓர் இரவு கணக்குப் பார்த்தேன். ஒரு சிட்டிகை உப்பின் அளவுதான். அம்மாவின் நடை, நினைவு, குரல், உடற்சூடு எல்லாவற்றுக்கும் அது போதும்.

பெரிய சிக்கல் தேநீரால் வந்தது. குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை வேறெதுவும் உட்கொள்ளக் கூடாது. இரும்புக் குளிசையும் கல்சியமும் நாலு மணி நேரம் தள்ளி. கண் விழித்ததும் பால் தேநீர் குடிக்காமல் ஐம்பது வருடத்தில் ஒரு நாளும் இருந்தறியாதவர் அம்மா. ஷெல்லடிக்கு இடையிலும் மூன்று கல் வைத்து அவர் தேநீர் ஊற்றியிருக்கிறார். முதல் கிழமைகளில் அடுப்படி வாசலில் இருந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாற்றம் தெரிய மாதங்கள் எடுத்தன. முதலில் போர்வை மடிக்கப்பட்டது. பிறகு ஒரு நாள் தம்பியின் படத்துக்கு முன்னால் இருந்து அம்மா நெடுநேரம் அழுதார். நான் பக்கத்தில் போய் இருந்தேன், தடுக்கவில்லை. அழுவதற்குரிய பலம் அவருக்குத் திரும்பியிருந்தது.

அடுத்த தையில், பொங்கல் முடிந்த ஒரு விடியற்காலை, கொட்டில் பக்கம் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பனி மூடியிருந்தது. அம்மா குளிசையைப் போட்டுவிட்டு, தேநீருக்காகக் காத்திருக்க வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தில் வாளியோடு சிவலையிடம் போயிருந்தார். முழங்காலுக்கிடையில் வாளி. கன்று கட்டில் நின்று இழுத்துக்கொண்டிருந்தது. "பொறு, பொறு, வருகிறது" என்று பழைய குரலில் மாட்டோடு பேசிக்கொண்டிருந்தார். நான் படலையிலேயே நின்றேன். வாளியின் அடித்தகரத்தில் பால் விழும் சத்தம் முதலில் கணீரென்று கேட்டது. பிறகு நுரை கட்டிச் சத்தம் தணிந்தது.